'வென்ட்' எழுதியாச்சு, அடுத்து 'டு'வா 'அட்'டா?

தமிழில் வேற்றுமை உருபு பெயரின் வாலில் ஒட்டும்: சந்தைக்கு, வீட்டில். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்யும் குட்டிச் சொல் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும்: 'டு த மார்க்கெட்', 'ஆன் மண்டே'. வினைக்குப் பின்னால் வரும் இந்தத் தொடர் எங்கே, எப்போது என்று சொல்கிறது. பொதுவாக இடம் முதலில், நேரம் பிறகு: 'ஷி வென்ட் டு த மார்க்கெட் ஆன் மண்டே.'

இறந்தகாலமா நிகழ்காலமா என்று காட்டுவது வினை மட்டுமே. 'கோ டு' என்பது 'வென்ட் டு' ஆகும், 'டு' அசையாது. ரயிலில் எஞ்சினை மாற்றினாலும் பெட்டிகள் அதேதான், அப்படி.

எந்தச் சொல் வரும் என்பது வினையையும் இடத்தையும் பொறுத்தது. 'அரைவ்ட்' என்றால் ஸ்டேஷனுக்கு 'அட்', ஊருக்கு 'இன்'. 'ரீச்ட்' என்றால் எதுவும் வேண்டாம்: 'ரீச்ட் த ஸ்டேஷன்'. 'ஸ்டேஷனுக்கு' என்று தமிழில் யோசித்து 'ரீச்ட் டு' எழுதுவதுதான் நம்மவர்களிடம் அடிக்கடி பார்க்கும் பிழை. 'டிஸ்கஸ்ட் அபவுட்' அதன் தம்பி; அங்கே 'அபவுட்' தேவையில்லை.

'வென்ட்' இறந்தகாலம் என்பதால், 'வாங்கப் போனாள்' என்பதை 'வென்ட் டு பாட்' என்று பலர் தவறாக எழுதுகிறார்கள். அந்த 'டு' பெயருக்கு முன் வரும் 'டு' அல்ல, அதற்குப் பின் வினை மாறாமல்தான் நிற்கும்: 'வென்ட் டு பை'.