பள்ளிக் கழிப்பறை ஏன் உடைகிறது? கேள்வி பதில்

பள்ளிக் கட்டடங்களைப் பல வருடம் பராமரித்தவன் என்பதால் என்னிடம் வந்த கேள்விகள் இவை.

போன மாதம்தான் பெயின்ட் அடித்தோம். அதற்குள் சுவர் முழுக்கக் கிறுக்கல். யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (ஓர் ஆசிரியை)

யார் என்பதை அப்புறம் பார்க்கலாம் டீச்சர். முதலில் இன்று மாலைக்குள் அழித்துவிடுங்கள். எழுதியவனுக்கு வேண்டியது நாலு பேர் படிப்பது. காலையில் வந்தால் எழுத்து இல்லை என்றால் ஆர்வம் வடிந்துவிடும். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடத்திய ஒரு சோதனை 2008இல் வெளிவந்தது. சைக்கிள் கைப்பிடிகளில் துண்டுச்சீட்டு மாட்டிவைத்தார்கள். பக்கத்துச் சுவர் சுத்தமாக இருந்தபோது அதைக் கீழே போட்டவர்கள் 33 சதவீதம். சுவரில் கிறுக்கல் இருந்தபோது 69 சதவீதம். ஓர் அசிங்கம் இன்னொன்றை அழைக்கிறது.

வீட்டில் ஒழுங்காக இருக்கும் பையன் பள்ளியில் கதவை உடைத்தானாம். நம்ப முடியவில்லை. (ஒரு தாய்)

நம்பலாம் அம்மா, ஆனால் முழுக்க அவன் தப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். பள்ளியில் பெரியவர் கண் படாத இடம் கழிப்பறை ஒன்றுதான். கூட்டாளிகள் முன்னால் வீரம் காட்டத் தோன்றும். இன்னொன்று: சேதம் எல்லாமே வேண்டுமென்று செய்தது இல்லை. நான் பார்த்த ஒரு பள்ளியில் கதவுகளின் கீல் அடிக்கடி பெயர்ந்து வந்தது. போய்ப் பார்த்தால் எதிலும் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே போகிறவனுக்காக வெளியே ஒருவன் கதவை இழுத்துப் பிடிக்கிறான், மற்றவர்கள் தள்ளுகிறார்கள். தாழ்ப்பாள் போட்டோம், அந்தத் தொல்லை நின்றது. குப்பைக்கூடை வைக்காத இடத்தில் நாப்கின் அடைத்துக்கொள்வதும் இப்படித்தான்.

இடைவேளை தவிர மற்ற நேரம் பூட்டிவிட்டால்?

தயவுசெய்து வேண்டாம். பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுவார்கள். அடக்கி அடக்கி சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வரும். ஒருவன் குழாயை உடைத்ததற்கு ஐந்நூறு பேரின் உடம்பைத் தண்டிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேமரா?

உள்ளே ஒருபோதும் கூடாது. வெளி நடையில் வைக்கலாம். அதைவிடக் கைகழுவும் தொட்டியை வெளியே கொண்டுவந்துவிடுங்கள். போகிறவர் வருகிறவர் கண் தானாகப் படும்.

பொதுக் கழிப்பறையில் ஆண்கள் தரையெல்லாம் நனைக்கிறார்கள். பலகை வைத்தும் பயனில்லை. (ஒரு மேற்பார்வையாளர்)

பலகையை யாரும் படிப்பதில்லை சார். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்ஹோல் விமான நிலையத்தில் 1990களில் சிறுநீர்க் கோப்பைக்குள் ஒரு ஈயின் படத்தைப் பொறித்தார்கள். கண் அங்கே போகும், குறியும் அங்கே போகும். ஓர் ஒட்டுப்படம் போதும், செய்து பாருங்கள்.

பிடிபட்டவனைக் கழிப்பறை கழுவ வைக்கலாமா?

கூடாது. கழுவுவதே தண்டனை என்று ஆகிவிட்டால், தினமும் கழுவுகிற துப்புரவுப் பணியாளர் அம்மாவைப் பிள்ளைகள் எப்படிப் பார்ப்பார்கள்? பழுதுபார்க்க பிளம்பர் வரும்போது அவனைப் பக்கத்தில் நிறுத்துங்கள். ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கட்டும், புதுக் குழாயை அவன் கையாலேயே முடுக்கட்டும்.