நீல அரை அணாவை விடுங்கள், கவரைப் பத்திரப்படுத்துங்கள்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. கோவையில் வேலை பார்த்த தாத்தாவின் தகரப் பெட்டியில், விக்டோரியா ராணி தலை போட்ட நீல அரை அணா ஸ்டாம்பு ஒன்று கிடைத்தது. கூடவே பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து அவருக்கு வந்த பழைய கவர் ஒன்றும் இருந்தது. அதில் கொச்சி ராஜா ஸ்டாம்பும் ஜார்ஜ் மன்னர் பச்சை அரை அணாவும் ஒட்டியிருக்கின்றன. ஒரு தரகர் நீல ஸ்டாம்பு 1854ஆம் வருடத்தது, ஐந்து லட்சம் போகும் என்கிறார். அசல்தான் என்று சர்டிபிகேட் வாங்க 6,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். கவரைச் சும்மா கொடுத்தால் போதுமாம். கொடுக்கலாமா?

பதில்: முன்பணம், கவர் இரண்டையும் கொடுக்காதீர்கள்.

முதலில் நீல ஸ்டாம்பைப் பாருங்கள். தலைக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது? 1854இல் கல்கத்தாவில் அச்சான அரை அணாவில் மேலே 'இந்தியா' என்று மட்டும்தான் இருக்கும். ஓரத்தில் பல் கிடையாது, கத்தரியால் வெட்டித்தான் பிரிப்பார்கள். 'ஈஸ்ட் இந்தியா போஸ்டேஜ்' என்று இருந்தால் அது லண்டனில் டி லா ரூ கம்பெனி பிறகு அச்சடித்தது. சுமார் 25 வருடம் நாடு முழுக்க ஓடிய ஸ்டாம்பு அது. வெளிச்சத்தில் பிடித்தால் காகிதத்துக்குள் யானைத் தலை நீர்க்குறி (வாட்டர்மார்க்) தெரிகிறதா? அப்படியானால் 1865இலோ அதற்குப் பிறகோ வந்தது. நல்ல நிலையில் இருந்தாலும் ஒரு வேளை டிபன் செலவுக்கு மேல் தேறாது.

பல் இல்லையே என்று தரகர் வாதாடுவார். பல்லைக் கத்தரியால் நறுக்கி 1854 என்று விற்பது ரொம்பப் பழைய வித்தை. ஓரத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் பாருங்கள். எழுத்தை நறுக்க முடியாது.

சர்டிபிகேட் என்பது பெரிய பேச்சு. லண்டனில் உள்ள ஸ்டாம்பு சேகரிப்போர் சங்கமான ராயல் பிலடெலிக் சொசைட்டி போன்ற இடங்களின் நிபுணர் குழுக்கள் தருவதைத்தான் சேகரிப்பவர்கள் மதிப்பார்கள். அங்கே அனுப்பும் செலவே உங்கள் நீல ஸ்டாம்பின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். அடுத்து ஸ்டான்லி கிப்பன்ஸ் என்ற லண்டன் ஸ்டாம்பு வியாபாரியின் கேட்லாக் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து நீட்டுவார்கள். அதில் இருப்பது நல்ல பிரதியைக் கடைக்காரர் விற்கும் விலை. உங்களிடமிருந்து அதே கடைக்காரர் வாங்கும் விலை அதில் ஒரு சிறு பங்குதான்.

இனி கவர். தரகர் அதைச் சும்மா கேட்டதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சித்தூர் தாலுகா அன்று கொச்சி ராஜ்யம். பாலக்காடு மலபார் ஜில்லா, அதாவது வெள்ளைக்காரன் ஆட்சி. கோவையும் அப்படித்தான். கொச்சிக்கு 1892 முதல் சொந்த ஸ்டாம்பு உண்டு, 'அஞ்சல்' என்று தனித் தபாலும் உண்டு. 1951இல்தான் அது இந்தியத் தபாலோடு சேர்ந்தது. கொச்சி ஸ்டாம்பு கோவைக்குச் செல்லாது. அஞ்சலில் போட்டு ஆங்கிலத் தபாலுக்குக் கைமாறும் கடிதத்துக்கு இந்திய ஸ்டாம்பும் வேண்டும். இந்திய ஸ்டாம்பு மட்டும் ஒட்டி நேரே ஆங்கிலத் தபாலாபீஸில் போட்டவர்களும் உண்டு என்பதால், இரண்டும் ஒட்டிய கவர் எல்லார் வீட்டிலும் கிடைக்காது. இதைத் தேடித் திரியும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் இரண்டும் அன்றைக்கே ஒட்டியவைதானா என்று பார்க்க வேண்டும். முத்திரை மை ஸ்டாம்பிலிருந்து கவர் காகிதத்துக்கும் வழிந்து போயிருக்கிறதா? முத்திரைக் கோடு ஸ்டாம்பின் விளிம்போடு நின்றுவிட்டால் பிற்பாடு யாரோ ஒட்டியிருக்கலாம். முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் இருக்கும் சித்தூர் அஞ்சல் முத்திரை, கோவைத் தபால் முத்திரை, தேதிகள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா? பொருந்தினால், நீல ஸ்டாம்பு மாதிரி நூறு சேர்ந்தாலும் இந்தக் கவருக்கு ஈடாகாது. விலை எவ்வளவு என்று படம் பார்க்காமல் சொல்ல மாட்டேன். படம்கூடப் பார்க்காமல் ரூபாய்க் கணக்கில் சொல்லும் ஆளை நம்பாதீர்கள்.

ஸ்டாம்பைக் கழற்ற நினைக்காதீர்கள். தண்ணீரில் ஊற வைப்பது, செலோடேப், லேமினேஷன், மூன்றும் வேண்டவே வேண்டாம். லேமினேஷன் செய்து கொண்டுவருபவர்களைப் பார்த்தால் எனக்கு அழுகையே வந்துவிடும். அமிலம் இல்லாத வெள்ளைக் காகித உறையில் மடக்காமல் போட்டு, வெயில் படாமல், ஈரம் படாமல் வையுங்கள்.

யாரிடம் காட்டுவது? தபாலாபீஸ் பிலடெலிக் கவுண்டருக்குப் போகலாமே என்பீர்கள். அங்கே புது ஸ்டாம்பு விற்பார்கள், பழசுக்கு விலை சொல்லும் வேலை அவர்களுடையது அல்ல. இத்தனை பெரிய நாட்டில் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் தபால் சரித்திரத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு அரசு ஜன்னல் கிடையாது. அதனால்தான் தரகர்கள் கொழிக்கிறார்கள். கோவையிலோ சென்னையிலோ ஸ்டாம்பு சேகரிப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். கவரின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுத்துக் காட்டுங்கள், அசலைக் கையில் கொடுக்காதீர்கள். விற்பதென்றால் இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டுவிட்டு, பொதுவில் நடக்கும் ஏலத்தில் போடுங்கள். கமிஷன் போகும், பரவாயில்லை.