வாசகர் கேள்வி – பதில்: அலுவலக நாள் கெடாமல் சைக்கிள் பராமரிப்பு

கேள்வி: திருவான்மியூரிலிருந்து காரப்பாக்கத்தில் உள்ள அலுவலகத்துக்கு நாள்தோறும் கியர் சைக்கிளில் செல்கிறேன். ஒரு வழிக்குச் சுமார் 9 கிலோமீட்டர். காலை 9 மணிக்குள் அலுவலகத்தில் இருக்க வேண்டும். சைக்கிள் கடை திறப்பதோ அதற்குப் பிறகுதான். சென்ற மாதம் செயின் மாற்றுவதற்காகக் கொடுத்த வண்டி 4 நாட்கள் கடையிலேயே கிடந்தது. வேலைக்குப் போவது தடைப்படாமல் பராமரிப்பை எப்படி ஒழுங்கு செய்துகொள்வது?
— திருவான்மியூர் வாசகர்

பதில்: அந்த 4 நாட்களில் மெக்கானிக் உங்கள் வண்டியில் கை வைத்த நேரம் அரை மணிக்கு மேல் இருந்திருக்காது. மீதி நேரமெல்லாம் உங்கள் கியருக்குப் பொருந்தும் செயின் வந்து சேர்வதற்காகக் காத்திருந்த நேரமாகவே இருந்திருக்கும். சாதாரண சைக்கிளுக்கான சாமான்கள் தெருமுனைக் கடையில் எப்போதும் இருக்கும்; கியர் வண்டிகளுக்கு உரியவற்றை வாங்கி வைத்தால் பணம் முடங்கிவிடும் என்று சிறு கடைக்காரர்கள் அவற்றை இருப்பில் வைப்பதில்லை. ஆகையால் ஒரு செயின், இரண்டு டியூப், ஒரு செட் பிரேக் கட்டை, பிரேக்குக்கும் கியருக்கும் ஒவ்வொரு ஒயர் ஆகியவற்றை நீங்களே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவையும், பின்சக்கரத்தில் உள்ள பல்சக்கரங்களின் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு போனால் தவறான சாமான் வாங்க நேராது.

அடுத்தது நேரம். நீங்கள் அலுவலகத்தில் இருக்கும் 9 மணி நேரமும் உங்கள் வண்டி சும்மா நிற்கிறது. பராமரிப்பு அந்த நேரத்துக்குள் நடக்க வேண்டுமானால், வீட்டருகே உள்ள கடையைவிட அலுவலகத்தருகே உள்ள கடையே உங்களுக்கு ஏற்றது. மாலையில் வீடு திரும்பும் வழியில் வண்டியை அங்கே விட்டுவிட்டு, பழைய மகாபலிபுரம் சாலையில் பேருந்திலோ ஷேர் ஆட்டோவிலோ வந்துவிடுங்கள். மறுநாள் காலையும் அப்படியே சென்றால், மாலையில் சரியான வண்டியில் வீடு திரும்பலாம். சைக்கிள் இல்லாமல் போவது ஒரு மாலையும் ஒரு காலையும் மட்டுமே. இதற்கு முதல் நாளே தொலைபேசியில் சொல்லி வைப்பதும், குறைகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் கட்டி விடுவதும் அவசியம். ‘சரி பார்த்து வையுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தால், துடைத்து எண்ணெய் விட்ட வண்டிதான் திரும்பி வரும்; ‘மூன்றாவது கியரில் செயின் நழுவுகிறது, பின்பிரேக் லீவர் ஹேண்டில் வரை வந்துவிடுகிறது’ என்று எழுதினால் அந்தக் குறைகள் தீரும்.

எப்போது கொடுப்பது என்பதையும் பழுது வந்த பிறகு யோசிக்க வேண்டாம். சென்னையில் வண்டியை அதிகம் கெடுப்பது வடகிழக்குப் பருவமழை. மழைக்கு முன்பு ஒருமுறை, மழை ஓய்ந்த பின்பு ஒருமுறை என ஆண்டுக்கு இரண்டு முழு ஓவராயிலிங் போதுமானது. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கும் வழக்கம் உள்ளவர்கள், அதற்கு ஒரு வாரம் முன்பே முதலாவதையும், பொங்கலை ஒட்டி இரண்டாவதையும் முடித்துவிட்டால் தேதி மறக்காது. ஜூன் மாதத்தைத் தவிர்ப்பது நல்லது. பள்ளி திறக்கும்போது கடைகளில் பிள்ளைகளின் சைக்கிள்கள் நிறைந்துவிடுகின்றன. நீங்கள் கடலோரத்தில் குடியிருப்பதால் ஒன்றைக் கூடுதலாகச் சொல்கிறேன்: சீட் கம்பியை இந்த இரண்டு முறையும் கழற்றி கிரீஸ் தடவச் சொல்லுங்கள். உப்புக்காற்றில் அது குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் பிறகு உயரத்தை மாற்றவே முடியாது.

செயினை மட்டும் நீங்களே கண்காணிக்க வேண்டும். வாரத்துக்கு 90 கிலோமீட்டர் என்றால் ஆண்டுக்கு 4,500 கிலோமீட்டர் வரை வருகிறது; மழையும் மணலும் சேர்ந்த பாதையில் ஒரே செயின் அவ்வளவு தூரம் தாங்கும் என்று நம்பியிருக்க முடியாது. பள்ளிப் பிள்ளைகளின் ஸ்கேலில் அங்குலம் குறித்த பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெடலை லேசாக அழுத்தி, இழுபட்டு நிற்கும் செயினின் ஒரு பின்னுடைய நடுவில் சுழியத்தை வையுங்கள். புதுச் செயினில் 24 கண்ணிகள் தள்ளியுள்ள பின்னின் நடுப்பகுதி சரியாக 12 அங்குலக் கோட்டில் நிற்கும். அது கோட்டைத் தாண்டி ஒரு வீசம், அதாவது 16-இல் ஒரு பங்கு அங்குலம் நகர்ந்திருந்தால் செயினை மாற்றிவிடுங்கள். அரைக்கால் அங்குலம், அதாவது 8-இல் ஒரு பங்கு நகரும் வரை விட்டுவிட்டால், தேய்ந்த செயின் பல்சக்கரங்களையும் தேய்த்திருக்கும். புதுச் செயின் அவற்றின்மேல் நழுவும். இரண்டையும் சேர்த்து வாங்க வேண்டிவரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இப்படி அளந்து பார்த்தால் போதும். ஞாயிறு காலையில் காற்றழுத்தமும் பிரேக் கட்டையும் பார்ப்பதற்குப் 10 நிமிடம் ஒதுக்குங்கள்; கட்டையில் உள்ள பள்ளக்கோடுகள் மறைந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

கேள்வி: எங்கள் அலுவலகத்துக்கு 40 பேர் சைக்கிளில் வருகிறார்கள். மாதம் ஒருமுறை மெக்கானிக்கை வளாகத்துக்கே வரவழைக்க நிர்வாகம் சம்மதித்திருக்கிறது. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
— தரமணி வாசகி

பதில்: மிக நல்ல ஏற்பாடு. முதலில் மெக்கானிக்கின் பக்கத்திலிருந்து பாருங்கள். அவர் உங்களிடம் வரும் நாளில் அவருடைய கடை பூட்டிக் கிடக்கும். அன்று 5 வண்டிகள் மட்டுமே வந்தாலும் அவருக்கு ஒரு நாள் வருமானம் உறுதி என்று குறைந்தபட்சத் தொகையை நிர்வாகம் ஒப்புக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாத இடங்களில் இரண்டாம் மாதமே அவர் வராமல் போவதில் வியப்பில்லை. பஞ்சர், பிரேக் சரிசெய்தல், சக்கரக் கோட்டம் எடுத்தல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் கூலியை முன்பே பேசி ஸ்டாண்டின் அருகே எழுதி ஒட்டிவிட்டால் பேரம் எழாது. ஒரு வண்டிக்கு 20 நிமிடம் என்று வைத்தாலும், உணவு நேரம் போக ஒரு நாளில் 20 வண்டிகளுக்கு மேல் பார்க்க இயலாது. 40 பேரை இரண்டு பிரிவாக்கி மாற்றி மாற்றி வரச் சொல்லுங்கள். முந்தைய வாரமே டயர் அளவையும் குறையையும் எழுதி வாங்கி அவருக்கு அனுப்பினால், அவர் சாமானோடு வருவார். நிழல், தண்ணீர், டியூபை முக்கிப் பார்க்க ஒரு தொட்டி, எண்ணெய் தரையில் சிந்தாமல் விரிக்க ஒரு பழைய அட்டை, அவருக்கும் மதிய உணவு ஆகியவை வளாகத்தின் பொறுப்பு. முழு ஓவராயிலிங்கை இந்த நாளில் சேர்க்காதீர்கள். ஒரு வண்டியைப் பிரித்துப் போட்டால் மற்றவர்களின் முறை போய்விடும்.

கேள்வி: செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?
— பெரம்பூர் வாசகர்

பதில்: வேண்டாம். நாளடைவில் அது பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். செயினுக்கென்றே விற்கும் எண்ணெய் சிறந்தது. அது கிடைக்காதபோது தையல் மெஷின் எண்ணெய் விடலாம், ஆனால் மழையில் சீக்கிரம் கழுவிப் போய்விடும். பெடலைப் பின்னோக்கிச் சுற்றியபடி கண்ணிக்கு ஒரு சொட்டு வீதம், ரிம்மிலோ டிஸ்க்கிலோ தெறிக்காமல் விடுங்கள். இரவில் விட்டால் காலைக்குள் உள்ளே இறங்கியிருக்கும். வெளியே மினுமினுக்கும் மிச்சத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுப் புறப்படுங்கள்.