ஸ்பானிஷ் நண்பரை 'குன்யாவ்' என்று கூப்பிடலாமா?

அகராதியைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள். குன்யாதோ என்றால் நம் மச்சான், மைத்துனன், பேச்சில் குன்யாவ். நண்பனை மச்சான் என்று கூப்பிட்டுப் பழகிய வாய் அங்கேயும் சும்மா இருக்காது. ஆனால் ஸ்பெயினில் அது கிண்டல். டிசம்பர் 24 ராத்திரி குடும்பமே கூடிச் சாப்பிடும்போது ஒயினில் ஆரம்பித்து அரசியல் வரை தீர்ப்பு சொல்லிவிட்டு, உங்கள் புதுக் காரைப் பார்த்து "உன்னை நல்லா ஏமாத்திட்டான், என்கிட்ட சொல்லியிருந்தா பாதி விலைக்கு முடிச்சிருப்பேன்" என்பாரே ஒருவர், அவர்தான் குன்யாவ். சொந்தக்காரராக இருக்க வேண்டியதுகூட இல்லை. இந்தக் குணத்துக்கே குன்யாதிஸ்மோ என்று பெயர். (மச்சான்களை மட்டம் தட்டுகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள், நானும் இரண்டு பேருக்கு மச்சான்.)

எனக்கு எப்படித் தெரியும் என்றால், பட்டுத்தான் தெரியும். ஸ்பெயினில் வலென்சியா ஊரில் வேலை பார்த்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட வேலை செய்தவன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டான். கொல்லையில் ஆரஞ்சு விறகு எரித்து, அகலத் தட்டில் முயல், கோழி, அவரை எல்லாம் போட்டு அவன் அப்பா பயேயா, அதாவது அந்த ஊர் அரிசிச் சாப்பாடு, செய்துகொண்டிருந்தார். நான் சும்மா இருந்தேனா? வெங்காயம் போடவில்லையா என்றேன். எங்கள் ஊர் பிரியாணியில் என்று ஆரம்பித்தேன். அப்புறம் தீய்ந்த வாசனை லேசாக வரவும், "கிளறி விடுங்க, அடிப்பிடிக்குது" என்று கரண்டியைக் கையில் எடுத்தேவிட்டேன். பயேயாவில் அரிசி போட்ட பிறகு கிளறவே கூடாதாம். அடியில் முறுகிப் பிடிக்கிற சோற்றுக்கு சொக்கராத் என்று பெயர், அதைச் சுரண்டித் தின்னத்தான் அங்கே போட்டியே. பெரியவர் கரண்டியை வாங்கி வைத்துவிட்டு "கே குன்யாவ்!" (என்ன ஒரு குன்யாவ்!) என்றார், மொத்த வீடும் சிரித்தது. எனக்கு ஒரே பெருமை. அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு, என்னை மச்சான்னு கூப்பிட்டு வீட்டோட சேர்த்துக்கிட்டாங்க என்று சொன்னேன். அர்த்தம் புரிய மூன்று வாரம் ஆனது.

சரி, எப்படிப் பயன்படுத்துவது? நன்றாகப் பழகியவன் அளக்கும்போது "நோ செயாஸ் குன்யாவ்", அதாவது உன் மேதாவித்தனத்தைக் காட்டாதே, என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். மேலதிகாரியிடம் வேண்டாம். அறிவுரை சொல்வதற்கு முன் உங்களையே குன்யாவ் என்று சொல்லிக்கொண்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். மெக்சிகோவில் கதை வேறு. அங்கே நண்பனை அப்படிக் கூப்பிட்டால், அவன் தங்கை மேல் உனக்குக் கண் என்று எடுத்துக்கொள்வான்.

இன்னொன்று, சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். நான் வீட்டைக் காலி செய்தபோது சுவரில் நாலு ஆணி ஓட்டை என்று வீட்டுக்காரர் ஒரு மாத முன்பணத்தை அப்படியே வைத்துக்கொண்டார். அலுவலகத்தில் ஐந்து குன்யாவ்கள் ஐந்து வழி சொன்னார்கள். ஐந்தையும் செய்து பார்த்துவிட்டேன், இன்னும் பணம் வரவில்லை.