மெமரி மோட்டார்: ஓடும்போதே காந்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்

கேள்வி: நிரந்தரக் காந்தம் என்றால் மாறாது. பிறகு அதை எப்படிக் கூட்டிக் குறைப்பது?

நியோடிமியக் காந்தத்தை மனதில் வைத்தால் உங்கள் கேள்வி நியாயம்தான். மோட்டாருக்கான ரகங்களில் அதன் காந்த நீக்குத்திறன் (காந்தத்தை அழிக்கத் தேவையான எதிர்ப்புலம்) மீட்டருக்கு 1000 கிலோ ஆம்பியரைத் தாண்டும். அல்நிகோ 5 (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்த உலோகம்) வேறு மாதிரி. தேக்குத்திறன் (வெளிப்புலம் நின்ற பிறகும் மிஞ்சும் காந்தம்) சுமார் 1.2 டெஸ்லா, நியோடிமியத்துக்கு ஏறக்குறைய சமம். நீக்குத்திறனோ மீட்டருக்குச் சுமார் 50 கிலோ ஆம்பியர்தான். ஸ்டேட்டர் (மோட்டாரின் சுழலாத பகுதி) காயிலில் டி-அச்சுத் திசையில், அதாவது ரோட்டர் காந்தத்தின் திசையில், ஒரு பெரிய கரண்ட் பல்ஸைச் சில மில்லிசெகண்டு விட்டாலே காந்த அளவு மாறிவிடும், பல்ஸ் நின்ற பிறகும் அப்படியே நிற்கும். விளாடோ ஒஸ்டோவிச் 2001-ல் முன்வைத்த மெமரி மோட்டாரின் அடிப்படை இதுதான்.

கேள்வி: அதுக்குத்தான் ஃபீல்டு வீக்கனிங் இருக்கே அண்ணா?

இருக்கிறது தம்பி, எதிர்க் கரண்டால் காந்தப்புலத்தைத் தற்காலிகமாகக் குறைக்கும் முறை அது. ஆனால் அதிக வேகத்தில் ஓடும் நேரம் முழுக்க எதிர் டி-அச்சுக் கரண்டை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவும் தாமிர இழப்பு (கம்பியில் வெப்பமாக வீணாவது). இங்கே ஒரு பல்ஸோடு வேலை முடிகிறது. துவைக்கும்போது குறைந்த வேகத்தில் நிறைய டார்க் (முறுக்கு விசை), பிழியும்போது அதிக வேகத்தில் கொஞ்சம் டார்க் கேட்கும் வாஷிங் மெஷினுக்கு இது அழகாகப் பொருந்தும். டோஷிபா அதில்தான் இதைப் பயன்படுத்தியது.

கேள்வி: சார், சிமுலேஷனில் காந்தத்தைக் குறைப்பது சுலபமாக நடக்கிறது. திரும்ப ஏற்றும்போது கரண்ட் கன்ட்ரோலர் திணறுகிறது. ஏன்?

இந்தத் துறையின் உண்மையான சிரமமே இதுதான். குறைக்கும்போது டி-அச்சுக் கரண்ட் காந்தப்பாயத்தை எதிர்க்கிறது, அதனால் டெர்மினல் வோல்டேஜும் இறங்குகிறது. ஏற்றும்போது இரண்டும் ஒரே பக்கம் சேர்கின்றன. அந்த மொத்தப் பாயத்தை வேகத்தால் பெருக்கினால் வருவதுதான் தேவையான வோல்டேஜ். மோட்டாருக்குக் கரண்ட் தரும் இன்வெர்ட்டரின் டிசி பஸ் வோல்டேஜ் அதற்குப் போதாதபோது பல்ஸ் உச்சத்தைத் தொடுவதே இல்லை. போதாததற்கு ஸ்டேட்டர் இரும்பும் தெவிட்டிவிடும், அதாவது மேலும் பாயத்தை எளிதில் ஏற்காது.

முதலில் வேகம் இறங்கிய பிறகு ஏற்றிப் பாருங்கள். முழு டார்க் தேவைப்படுவதும் பெரும்பாலும் அப்போதுதான். அடுத்து, பல்ஸ் ஓடும்போது டார்க்கைத் தரும் க்யூ-அச்சுக் கரண்டை அப்படியே வைத்திருந்தால் டார்க் குதிக்கும். ஒவ்வொரு கணமும் பாயத்தை மதிப்பிட்டு, டார்க் மாறாதபடி க்யூ-அச்சைத் திருத்த வேண்டும்.

அப்புறம் காந்தத் தயக்கம் (ஹிஸ்டெரிசிஸ்), முன்பிருந்த நிலையைப் பொறுத்தே காந்தம் மாறும். முழு நிலையிலிருந்து 60 சதவீதத்துக்கு இறங்க ஒரு கரண்ட், பூஜ்யத்திலிருந்து அதே 60-க்கு ஏற வேறொரு கரண்ட். ஒரே அட்டவணையை இரண்டுக்கும் வைத்தால் கட்டாயம் பிசகும். அட்டவணையை மட்டும் நம்பாமல், பாய அப்சர்வர் (கரண்ட், வோல்டேஜிலிருந்து பாயத்தை மதிப்பிடும் நிரல்) ஒன்றை எழுதி, இலக்கை எட்டியதும் பல்ஸை நிறுத்துவதையே நான் விரும்புவேன். பல்ஸ் விலகியதும் பாயம் சற்று நகர்ந்து நிலைக்கும், அந்த வித்தியாசத்தையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: முழு லோடிலேயே அல்நிகோ காந்தம் இழந்துவிடாதா?

இழக்கும், க்யூ-அச்சுக் கரண்டின் எதிர்விளைவே போதும். அதனால்தான் நியோடிமியத்தைத் துணைக்கு வைக்கிறார்கள். ஒரே காந்தப்பாதையில் தொடராக வைத்தால் அது அல்நிகோவைத் தாங்கிப் பிடிக்கும், ஏற்றும் கரண்டும் குறையும். ஆனால் குறைக்கக் கூடுதல் கரண்ட் வேண்டும், மாற்றக்கூடிய வீச்சும் சுருங்கும். தனித்தனிப் பாதையில் இணையாக வைத்தால் வீச்சு பெரிது. ஆனால் நியோடிமியத்தின் பாயமே அல்நிகோவை எதிர்த்துத் தள்ளும், திரும்ப ஏற்றுவது கஷ்டம். கனமான லோடு அடிக்கடி வரும் வண்டிகளுக்குத் தொடர் அமைப்பையே நான் தேர்வு செய்வேன்.

கேள்வி: சூடு?

அல்நிகோ 500 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். பக்கத்தில் இருக்கும் நியோடிமியத்தின் ரகத்தைப் பார்த்து வெப்ப வரம்பை வையுங்கள்.