15 சென்ட் குறைவுக்கு 6 மைல் ஓடலாமா?

12 கேலன் பெட்ரோல் போட 6 மைல் தள்ளிப் போனால் கேலனுக்கு 15 சென்ட் மிச்சம், போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். மிச்சம் 1 டாலர் 80 சென்ட். போய்வர 12 மைல். உங்கள் கார் கேலனுக்கு 24 மைல் என்கிறீர்கள், அப்படியானால் அரை கேலன் வழியிலேயே காலி. கேலன் 3 டாலர் 20 சென்ட் என்றால் அதுவே 1 டாலர் 60 சென்ட். கையில் நிற்பது 20 சென்ட்! ஆபீஸ் போகும் வழியில் அந்த பங்க் இருந்தால் சரி, அதற்கென்றே வண்டியை எடுக்காதீர்கள்.

மளிகைக்கடை பாயின்ட் வேறு கதை. க்ரோகர் மாதிரி அமெரிக்க மளிகைக்கடைகளில் பொதுவாகச் சாமான் வாங்கும் டாலருக்கு ஒரு பாயின்ட், 100 சேர்ந்தால் ஒரு தடவை பெட்ரோல் போடும்போது கேலனுக்கு 10 சென்ட் தள்ளுபடி. உங்கள் 12 கேலனுக்கு அது 1 டாலர் 20 சென்ட்தான். அதே 100 டாலர் சாமான் வேறு கடையில் 95க்குக் கிடைத்தால் பாயின்ட் நஷ்டக் கணக்கு. நானே ஒருமுறை 40 பாயின்ட் குறைகிறதே என்று தேவையில்லாத சோப்புத்தூள் டப்பாவைத் தூக்கி வந்தேன், வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

எப்படியும் அங்கேதான் வாங்குகிறீர்கள் என்றால் பாயின்ட்டைச் சேர்த்து வைத்து, டேங்க் காலியாகும்போது மொத்தமாகப் பயன்படுத்துங்கள். பாதி டேங்குக்குச் செலவழித்தால் பாதிதான் பலன். அப்புறம், ஒரு மாதம் சேர்த்த பாயின்ட் அதற்கு அடுத்த மாதக் கடைசியோடு காலாவதியாகிவிடும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.