79 கண் எப்படி 97 ஆகும்? குறோசே டொப் கேள்வி–பதில்

இந்த இதழில் கையில்லாத குறோசே (கொக்கி ஊசிப் பின்னல்) டொப்பின் அளவு பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில். கண் என்றால் பின்னலின் ஒரு தையல். டபிள் (உயரமான கண்), சிங்கிள் (குட்டைக் கண்) என்று இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்க முறைப் பெயர்கள்.

என்னட்ட இருக்கிற மாதிரி (பின்னல் குறிப்பு) 34 அளவுக்கு மட்டும் எழுதினது. முன், பின் ரெண்டுக்கும் 79 கண். எனக்கு 40 வேணும். எல்லாத்தையும் ஒரே விகிதத்தில கூட்டிப் பின்னினன். உடம்பு சரியாய் இருக்கு, தோள்பட்டி ரெண்டும் கையில வழுகி விழுது. எங்க பிழை?
— வாசகி, தர்மபுரம்

"ஒரே விகிதத்தில்" என்றீர்களே, பிழை அங்கேதான். மார்பு 6 அங்குலம் கூடினாலும் தோள் அந்த அளவுக்கு அகலாது. கைக்குழியின் ஆழமும் ஒரு சைஸுக்கு ஏறத்தாழ கால் அங்குலம்தான் கூடும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். மாதிரியில் 10 செ.மீ.க்கு 18 கண், 10 வரி. மார்பு 40 அங்குலம் என்றால் 102 செ.மீ. எங்கள் வெயிலுக்குப் பருத்தி நூல் டொப் உடம்போடு ஒட்டக்கூடாது. 4 செ.மீ. தளர்வு விட்டால் 106. ஒரு பக்கத்துக்கு 53 செ.மீ. 53ஐ 1.8ஆல் பெருக்கினால் 95 கண் சொச்சம். ஆனால் உங்கள் பின்னலில் 6 கண்ணுக்கு ஒரு துளை, கடைசியில் 1 கண் கூட. ஆகவே 91 அல்லது 97தான் வரும். 91 எடுத்தால் தைத்து முடிய 99 செ.மீ.தான் சுற்றளவு, போட்டதும் துளைகள் பக்கவாட்டில் இழுபட்டு வாயைப் பிளக்கும். 97 எடுங்கள். இரு ஓரமும் ஒவ்வொரு கண் தையலில் போனாலும் 105½ செ.மீ. நிற்கும்.

இப்போது மேல் பகுதி. 34இல் கைக்குழி குறைத்த பிறகு 61 கண் மிஞ்சும், 34 செ.மீ. நீங்கள் விகிதத்தில் கூட்டியபடியால் அது 75 ஆகி, கிட்டத்தட்ட 42 செ.மீ. வந்திருக்கும். பட்டி தோளின் நுனிக்கே போய்விட்டது, வழுகாமல் என்ன செய்யும்! அங்கே 67 கண் போதும், 37 செ.மீ. கீழே மூன்று துளை கூடினால் மேலே ஒரு துளைதான் கூடும் என்று நினைவில் வைத்தால் சரி.

97இலிருந்து 67க்கு இறங்க ஒவ்வொரு பக்கமும் 15 கண் போகவேண்டும். முதலில் கமக்கட்டில் 7 கண்ணைப் பின்னாமல் விடுங்கள் (மாதிரியில் 3 விட்டிருக்கும், பெரிய அளவுக்கு அது போதாது, துணி கமக்கட்டில் திரளும்). மிச்சம் 8ஐ வரிக்கு ஒன்றாக 8 வரியில் குறையுங்கள். ஓரத்தில் துளைக்கு இடம் போதாத வரிகளில் துளையை விட்டுவிட்டு வெறும் டபிள் போடுங்கள். அரைகுறைத் துளைதான் கண்ணில் குத்தும். கைக்குழியின் மொத்த ஆழம் 18 வரிக்குப் பதில் 20. தோளில் 67ஐப் பிரிப்பது 14 + 39 + 14. பழையதில் 12 + 37 + 12. பட்டிக்கு இரண்டு கண் கூடினால் உள்ளே போடுவதன் பட்டியும் மறையும்.

பின்னி முடித்ததை முழுக்க அவிழ்க்க வேண்டாம். உடம்பு சரி என்கிறீர்கள், கைக்குழி தொடங்கும் வரி வரை மட்டும் அவிழுங்கள்.

மாதிரியில சொன்ன நூல் கிளிநொச்சியில இல்லை. கொஞ்சம் மொத்தமான நூல் வாங்கினன், 10 செ.மீ.க்கு 16 கண்தான் வருது. சின்ன ஊசி எடுத்தால் சரிவருமோ?
— வாசகி, பரந்தன்

அரை மில்லிமீற்றர் சின்னது ஒருக்கால் முயலலாம். அதற்குக் கீழே இறங்கினால் துணி மட்டை போலாகும், கையும் நோகும். நூலை அதன் போக்கில் விட்டுக் கண்ணை மாற்றுவதே மேல். உங்களுக்கும் 53 செ.மீ. பக்கம்தான் வேண்டும் என்றால் 53 × 1.6 = 85 கண். 85 என்பது 6இன் மடங்கோடு 1, துளைக் கணக்கும் பொருந்துகிறது. ஆனால் மாதிரியில் "18 வரி பின்னவும்" என்று இருப்பதை அப்படியே பின்னாதீர்கள். நூல் மாறியதும் வரியின் உயரமும் மாறும். வரி எண்ணும் இடமெல்லாம் அளவு நாடாவை வையுங்கள்.

தோய்க்க முதல் அளவாய் இருந்தது. இரண்டு தரம் தோய்த்துக் காயப்போட இடுப்புக்குக் கீழ இறங்கி, கைக்குழியும் தொங்குது.
— வாசகி, முள்ளியவளை

பருத்தி ஈரத்தில் பாரம். கொடியில் தொங்கப்போட்டால் அந்தப் பாரம் முழுவதும் தோள்பட்டியைத்தான் இழுக்கும். பாயில் பரப்பி நிழலில் காயவிடுங்கள். வெயிலில் நிறமும் போகும்.

அடுத்த டொப்புக்கு, தொடங்க முதலே 15 செ.மீ. சதுரம் ஒன்று பின்னித் தோய்த்துக் காயவையுங்கள். ஓரத்தை விட்டு நடு 10 செ.மீ.யில் எண்ணுங்கள், ஓரக் கண்கள் எப்போதும் ஏமாற்றும். பிறகு அதே துண்டின் கீழ் விளிம்பில் நாலைந்து உடுப்புக் கிளிப் மாட்டி ஒரு இரவு தொங்கவிட்டு மறுபடி அளவுங்கள். 10 வரி 10 செ.மீ.யாக இருந்தது 10.6 ஆனால், 20 வரிக் கைக்குழி 21 செ.மீ.க்கு மேல் இறங்கும். அப்போது 19 வரியோடு நிறுத்துங்கள். ஒரு நாள் வீண் என்று நினைத்து இதைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு ஒரு கிழமை அவிழ்க்கிறார்கள்.

முன்பக்கம் மட்டும் மேல ஏறி நிக்குது. பின்பக்கம் சரி.
— வாசகி, மாங்குளம்

அகலம் போதும், முன்பக்க நீளம் போதாது. தோளின் உச்சியிலிருந்து மார்பின் மேலாக இடுப்பு வரை அளவுங்கள், முதுகுப் பக்கமும் அப்படியே. வித்தியாசம் 4 செ.மீ. என்றால் முன்பக்கத்தில் மட்டும் நான்கு அரைவரிகள் (ஓரம் வரை போகாமல் இடையில் திரும்பும் வரிகள்) வேண்டும்.

கமக்கட்டுக்கு 5 செ.மீ. கீழே வரும்போது, வரி முடிய 12 கண் இருக்கத் திருப்புங்கள். மறுபக்கமும் 12 இருக்கத் திருப்புங்கள். அடுத்த இரண்டு வரியும் 18 இருக்க. திருப்பும் இடத்தில் டபிளை நேராக முடித்தால் படிக்கட்டுப் போல் தெரியும். கடைசி மூன்று கண்ணை ஹாஃப் டபிள், சிங்கிள், ஸ்லிப் என்று இறக்குங்கள். பிறகு முழு அகலத்துக்கும் ஒரு வரி போட்டால் மூடிவிடும். அரைவரிகளில் துளை வேண்டாம், வெறும் டபிள் போடுங்கள். பக்கத் தையலின் நீளம் மாறாது, பின்பக்கத்தோடு பிசகாமல் பொருந்தும்.

கைக்குழி ஓரம் சுருக்கு வைத்ததுபோல அலை அலையாய் வருது.
— வாசகர், ஓமந்தை

ஓரத்தில் டபிள் வரி ஒன்றுக்கு இரண்டு சிங்கிள் எடுத்திருப்பீர்கள். 10 செ.மீ.க்கு 10 வரி, 18 கண் என்ற கணக்கில் ஐந்து வரிக்கு ஒன்பதுதான் இடம். கைக்குழி ஏற்கெனவே கொஞ்சம் வாய் திறந்திருந்தால் இரண்டு வரிக்கு மூன்றாகக் குறையுங்கள், உள்ளே இழுத்துப் பிடிக்கும். அதற்கும் குறைத்தால் கை தூக்கும்போது வெட்டும்.

34க்கு 50 கிராம் உருண்டை ஐந்து என்று இருக்கு. 40க்கு எத்தனை?
— வாசகி, புதுக்குடியிருப்பு

97ஐ 79ஆல் வகுத்தால் 1.23. ஐந்தை அதனால் பெருக்க 6 சொச்சம். நீளமும் 2 செ.மீ. கூட்டுவீர்கள், ஆகவே 7. ஏழையும் ஒரே நாளில், லேபலில் ஒரே சாய இலக்கம் பார்த்து எடுங்கள். ஆறோடு வந்துவிட்டு ஏழாவதுக்கு வவுனியாவுக்குத் திரும்ப பஸ் ஏறினால், நூலின் விலையைவிடப் பயணம் கூடும், நிறமும் ஒத்துவராது.

பழைய இங்கிலாந்துப் புத்தகத்தில் "டபிள் குறோசே" என்று இருப்பதைப் பின்னினேன். டொப் பாதி உயரம்கூட வரவில்லையே?
— வாசகி, நெடுங்கேணி

உயரம் குறைந்திருப்பதால் நீங்கள் புத்தகத்தின்படி சரியாகத்தான் பின்னியிருக்கிறீர்கள். ஒப்பிட்டுப் பார்த்த படமோ கணக்கோ அமெரிக்க முறையாக இருக்கும். பிரிட்டிஷ் டபிள் என்பது அமெரிக்க சிங்கிள். பிரிட்டிஷ் ட்ரெபிள்தான் அமெரிக்க டபிள். மாதிரியில் எங்காவது "சிங்கிள் குறோசே" என்ற சொல் இருந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க முறை, இன்றைய பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயர் வழக்கில் இல்லை.